குழாயில் 31 டிகிரி, டெவலப்பருக்கு 24: ஒரு கருப்பு வெள்ளை ரோலை எடுத்து, கழுவி, பிரிண்ட் போடுவது வரை

என்னுடைய முதல் கருப்பு வெள்ளை ரோலை ஒரு கலர் லேபில் கழுவக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மூன்று நாள் கழித்துப் போனபோது கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்த ஃபிலிமைச் சுருட்டிக் கையில் கொடுத்து, "கேமராவுல ஏதோ கோளாறு தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பி கேமராவைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன், அவர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்று திருப்பித் தந்தார். என்ன நடந்தது என்று புரிய ஒரு வருஷம் ஆனது. கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் ஃபிலிமில் உள்ள வெள்ளியை மொத்தமாகக் கழற்றி வெளியேற்றிவிடுவார்கள். கலர் ஃபிலிமில் அதற்கப்புறமும் சாயம் மிஞ்சும், அதுதான் படம். சாதாரணக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் அந்த வெள்ளிதான் படமே. அது போனால் வெறும் பிளாஸ்டிக்.

அன்றிலிருந்து வீட்டுக் குளியலறையில்தான் கழுவுகிறேன். இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு 36 படச் சுருளை வைத்து, கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பதில் தொடங்கி பிரிண்ட் வரை போகும் வழி. டிஜிட்டல் கேமராவோ போனோ மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் படி 1, 2 அப்படியே பொருந்தும், 4, 5 பெரும்பாலும் பொருந்தும். இந்தக் கலையின் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் குழாய்த் தண்ணீரையும் தங்கள் தோல் நிறத்தையும் மனதில் வைத்து எழுதியவை. நான் தடுக்கி விழுந்த இடங்களில் பாதி அதனால் வந்தவை, அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன்.

படி 1: ஒரு வாரம் காசு செலவழிக்காதீர்கள்

போன் கேமராவில் மோனோ ஃபில்டரைப் போட்டுவிட்டு ஒரு வாரம் அதிலேயே உலகத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கேமரா இருந்தால் ரா ஃபைலும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவாகும்படி வைத்து, படத்தின் ஸ்டைலை மட்டும் மோனோக்ரோமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், ரா ஃபைலில் நிறம் பத்திரமாக இருக்கும்.

பயிற்சி இதுதான். ஒரு பொருளைப் பார்த்ததும் அது எவ்வளவு சாம்பலாக வரும் என்று மனதில் சொல்லிவிட்டு, அப்புறம் திரையைப் பாருங்கள். முதல் நாள் பத்தில் ஏழு தப்பாகும். அரக்கு நிறப் பட்டுப்புடவை, பச்சைக் கரை, நேரில் கண்ணைப் பறிக்கும். திரையில் புடவை எது கரை எது என்றே தெரியாமல் ஒரே சாம்பலாகப் படுத்துவிடும். இரண்டும் வேறு நிறம், ஆனால் இரண்டின் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்று. கண்ணுக்கு நிற வித்தியாசம் தெரிகிறது, ஃபிலிமுக்கு வெளிச்ச வித்தியாசம் மட்டும்தான் தெரிகிறது. அதே சமயம் யாரும் திரும்பிப் பார்க்காத ஓட்டுத் திண்ணை, சாய்வெயில், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கோரைப்பாய் இதெல்லாம் கருப்பு வெள்ளையில் எழுந்து நிற்கும். ஒரு வாரம் கழித்து புடவையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

படி 2: வெளிச்சம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எழுதியதுதான். நம் ஊரில் சித்திரை மாதம் காலை 9 மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேல் ஏறிவிடும், கண் குழியெல்லாம் கருப்பாகும். முகம் எடுப்பதென்றால் அதற்கு முன்னால் எடுங்கள், இல்லாவிட்டால் ஆளைத் திண்ணைக்கோ வாசல்படிக்கோ கூட்டி வாருங்கள். வெளியே தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கமாக வந்து விழும், எந்த ஸ்டுடியோவிலும் காசு கொடுத்து வாங்க முடியாத வெளிச்சம் அது. ஒரு பொருளின் சொரசொரப்பைக் காட்ட வேண்டுமா, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கோயில் தூணில் இருக்கும் சிற்பத்தை நடுப்பகலில் எடுத்தால் தட்டையாக இருக்கும். காலையில் வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது எடுத்தால் விரல் நகம் வரை தெரியும்.

மழைமேகம் மூடிய நாளை வீணடிக்காதீர்கள். கலர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாள்தான் நமக்கு நல்ல நாள்.

படி 3: கேமராவும் ரோலும்

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 35 மி.மீ. எஸ்எல்ஆர் போதும். வாங்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து வைத்து, ஷட்டரை 1 நொடியில் ஒருமுறை, 1/30இல் ஒருமுறை, 1/1000இல் ஒருமுறை தட்டி, லென்ஸ் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கதவின் ஓரத்துப் பஞ்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் வெளிச்சம் கசியும், பஞ்சை மாற்ற வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடித்து வலை வலையாகப் பூஞ்சை தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ரோலுக்கு ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு, 400 உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது பத்து ரோலுக்கு அதைவிட்டு நகராதீர்கள். இல்ஃபோர்ட் ஹெச்பி5 ப்ளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டுமே தப்புகளை மன்னிக்கும் ஃபிலிம்கள். ஒரு காலத்தில் இதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலையில் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். ஆலையை மூடிவிட்டார்கள். அந்தப் பெயரில் இருக்கும் நகர் மட்டும் இன்னும் ஊட்டியில் இருக்கிறது.

படி 4: எக்ஸ்போஷர், அதாவது மீட்டர் சொல்வதை எப்போது கேட்கக் கூடாது

கேமராவுக்குள் இருக்கும் லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், தன் மீது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வெள்ளை வேட்டி சட்டை கட்டிய தாத்தாவை முழுதாகக் காட்டினால் வேட்டியைச் சாம்பலாக்கும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும், தாத்தாவின் முகம் கரியாகிவிடும். நம் ஊரில் கருப்பு வெள்ளை எடுக்கும் எல்லோரும் முதலில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய ஸோன் முறை இதற்கு ஒரு வழி சொல்கிறது. முழுக் கருப்பை 0 என்றும் முழு வெள்ளையை 10 என்றும் வைத்து 11 படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. மீட்டர் காட்டுவது 5. நிழலில் இருந்தும் உள்ளே விவரம் தெரிய வேண்டிய இடம் 3இல் விழ வேண்டும். ஆக அந்த நிழலை மட்டும் மீட்டரில் அளந்து, வரும் அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டால் முடிந்தது. கேட்கத் தலைசுற்றும், நான்கு முறை செய்தால் கைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கையேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முகத்தை 6ஆவது படியில் வைக்கச் சொல்லும் இடம் வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதியது. மாநிறத்தை 6இல் வைத்தால் முகம் பவுடர் அப்பியது போல வெளிறும், நெற்றி விபூதி தோலோடு கரைந்துவிடும். நான் மாநிற முகத்தை 5இலும், நல்ல கருப்பான முகத்தை 4க்கும் 5க்கும் நடுவிலும் வைக்கிறேன். கருப்பான தோல் பளபளப்பில்தான் உயிரோடு இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டுவதால் இல்லை. கன்னத்திலும் மூக்கிலும் வெளிச்சம் தெறிக்கும் மாதிரி ஆளைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்தால் போதும்.

வெல்லிங் என்ற புகைப்படக்காரர் 1946இல் எடுத்த ரமண மகரிஷியின் மார்பளவுப் படம் பல வீடுகளில் மாட்டியிருக்கும். அதை ஒருமுறை பக்தியை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். நரைத்த தாடியும் முடியும் வெளுத்துப் போகவில்லை, தோலும் கருகிப் போகவில்லை, கண்ணுக்குள் வெளிச்சம் இருக்கிறது. அந்தத் தாடிக்கும் தோலுக்கும் நடுவே எத்தனை சாம்பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல பாடம்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி. உங்கள் உள்ளங்கையை ஆள் இருக்கும் அதே வெளிச்சத்தில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். நம்மில் யாருக்கும் உள்ளங்கை முகத்தைவிட வெளுப்புதான், அதனால் இது பெரும்பாலும் சரியாக வரும். ஒருமுறை சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு உங்கள் கைக்கு எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டால் அட்டையை வீட்டிலேயே வைத்துவிடலாம். மீட்டரே வேலை செய்யாத கேமராவா? நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பு எஃப் 16, 400 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/500. நிழலுக்குப் போனால் மூன்று நான்கு ஸ்டாப் கூட்டுங்கள்.

உச்சி வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் 400 ஃபிலிமை 200 என்று கேமராவில் வைத்து எடுத்துவிட்டு, கழுவும்போது நேரத்தை 20 சதவீதம் குறையுங்கள். நிழலில் விவரம் வரும், வெயில் பட்ட இடமும் சுண்ணாம்பாகாது. ஆனால் ரோல் முழுவதையும் அப்படியே எடுக்க வேண்டும், நடுவில் மாற்ற முடியாது.

படி 5: ஃபில்டர், அல்லது எந்த நிறம் எந்தச் சாம்பல் என்று முடிவு செய்வது

ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கருக்க வைக்கும். இதைப் புரிந்துகொள்ள நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது, எந்தக் கோயில் மதிலையும் பாருங்கள், காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் காவிப் பட்டை நடுச்சாம்பல். சிவப்பு ஃபில்டர் போட்டால் காவி வெளுத்து, பட்டையே காணாமல் போய், சாதாரண வெள்ளை மதில் மாதிரி ஆகிவிடும். நீல ஃபில்டர் போட்டால் காவி கருத்து வரிக்குதிரை மாதிரி நிற்கும். ஒரே சுவர், ஒரே வெயில்.

எல்லோரும் முதலில் சிவப்பைத்தான் வாங்குவார்கள், வானம் கருகருவென்று வரும் ஆசையில். நானும் வாங்கினேன். அதைக் கழற்ற மறந்து ஒரு கல்யாணத்தில் அத்தையை எடுத்தேன். பிரிண்டில் அத்தையின் நெற்றியில் குங்குமமே இல்லை. "சுமங்கலியை இப்படியாடா எடுப்ப" என்று அவர் கேட்டது பதினைந்து வருஷமாக எல்லா விசேஷத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. உதடும் வெளுக்கும், தோலின் மாநிறமும் வெளுக்கும். ஆட்களை எடுக்கும்போது சிவப்பைத் தொடாதீர்கள்.

ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் மஞ்சள். ஒரு ஸ்டாப் வெளிச்சம்தான் தின்னும், வானத்தை லேசாக இறக்கி மேகத்தைப் பிரித்துக் காட்டும். வயலையும் தென்னந்தோப்பையும் எடுப்பவர்களுக்கு மஞ்சள் கலந்த பச்சை இன்னும் நல்லது, இலையெல்லாம் ஒரே கருங்குவியலாகாமல் தனித்தனியாகத் தெரியும். சிவப்பு மூன்று ஸ்டாப் தின்னும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபில்டர் எதற்கு என்று சந்தேகம் இருந்தால் பழைய கதை ஒன்று. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவில் எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக வரும். மனுஷன் நெகட்டிவின் மீதே கையால் மேகம் தீட்டியிருக்கிறார். ஸ்டுடியோக்காரர்கள் டச்சப் என்று சொல்வார்களே, அதன் முப்பாட்டன். நமக்கு எல்லா நிறமும் பதியும் ஃபிலிம் இருக்கிறது, மஞ்சள் கண்ணாடித் துண்டு போதும்.

டிஜிட்டல் ஆட்களுக்கு இதே வேலையைக் கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக இழுக்கும் ஸ்லைடர்கள் செய்யும். ஆனால் நீலத்தை ஒரேயடியாகக் கீழே இழுக்காதீர்கள், வானம் மணல் மணலாகப் பொரிந்துவிடும்.

படி 6: கழுவுவது

இங்கேதான் கை நடுங்கும், உண்மையில் குழம்பு வைப்பதைவிடச் சுலபம்.

வேண்டியவை: வெளிச்சம் புகாத டேங்க், அதற்குள் பிளாஸ்டிக் ரீல், டெவலப்பர் (படத்தை வெளியே கொண்டு வரும் கரைசல்), ஃபிக்ஸர் (அதை நிலைக்க வைக்கும் கரைசல்), தெர்மாமீட்டர், அளவு ஜாடி, கத்தரிக்கோல், காது உள்ள இரண்டு துணி கிளிப். டெவலப்பரில் கோடாக் டி-76 அல்லது அதற்கு இணையான ஏதாவது. இது 1920களிலிருந்து மாறாத சமாசாரம், சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. பொடி கிடைக்காத சமயங்களில் நான் தனித்தனியாக வாங்கிக் கலந்திருக்கிறேன். 50 டிகிரி தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அப்புறம் மீதி சல்ஃபைட், அப்புறம் மற்றவை என்ற வரிசை முக்கியம், சல்ஃபைட்டை முழுதாக முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது. மெட்டால் சிலருக்குக் கையெல்லாம் அரிப்பு கொடுக்கும், கையுறை போடுங்கள். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், எடுத்ததைத் திருப்பி வைக்கவே வைக்காதீர்கள்.

தண்ணீர். போர் தண்ணீரில் கலந்தால் உப்புப் படியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும், டெவலப்பருக்கும் கடைசி அலசலுக்கும் அது போதும். பேட்டரி ஆசிட்டை வாங்கி வந்துவிடாதீர்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

முதலில் ரீலில் ஃபிலிமை ஏற்ற வேண்டும். முழு இருட்டில். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும்போது மட்டும்தான், அந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. ஃபிலிமுக்கு நன்றாகவே தெரியும், எரிந்துவிடும். ராத்திரி குளியலறையில் விளக்கை அணைத்து, கதவடியில் துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகிய பிறகும் உங்கள் கை உங்களுக்குத் தெரியவில்லை என்றால் சரி. சேஞ்சிங் பேக் என்று ஒரு கருப்புப் பை விற்பார்கள், கைகளை மட்டும் உள்ளே விட்டு ஏற்றுவதற்கு. மே மாதத்தில் அதற்குள் கை விட்டால் இரண்டே நிமிடத்தில் வியர்த்து, ஃபிலிம் ஈரத்தில் பிசினாகி, ரீலில் பாதியில் மாட்டிக்கொள்ளும், பிடித்து இழுத்தால் மடிந்து பிறை பிறையாகக் கருப்புத் தழும்பு விழும். அதனால் விடியற்காலையில் குளியலறைதான் என் கட்சி. ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், ஃபிலிமின் முன்முனை இரண்டு மூலையையும் லேசாகக் கத்தரித்துவிட்டால் தடங்கலில்லாமல் ஏறும். கெட்டுப்போன பழைய ரோல் ஒன்றை வைத்துக் கண்ணைத் திறந்துகொண்டு பத்து முறை, மூடிக்கொண்டு பத்து முறை பழகிவிட்டு வாருங்கள். டேங்க் மூடி பூட்டிய பிறகு விளக்கைப் போடலாம், இனி எல்லாம் வெளிச்சத்தில்தான்.

அப்புறம் சூடு. ஹெச்பி5 ஃபிலிமுக்கு டி-76ஐச் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றினால் 20 டிகிரியில் 11 நிமிடம் என்று கம்பெனி அட்டவணை சொல்லும். ஒரு டிகிரி ஏற ஏற நேரம் 8, 9 சதவீதம் குறையும். 24 டிகிரியில் சுமார் 7½ நிமிடம். 28இல் 5½. எங்கள் மாடித் தொட்டியிலிருந்து வெயில் காலத்தில் வருவது 31, அதற்குக் கணக்குப் போட்டால் 4 நிமிடம், அவ்வளவு குறைந்த நேரத்தில் ஊற்றவும் கொட்டவும் ஆகும் நொடிகளே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான விதி. நான் ஆரம்பத்தில் 20க்கு இறக்கத்தான் ஐஸோடு மல்லுக்கட்டினேன், ஊற்றி முடிப்பதற்குள் 22 ஆகிவிடும். இப்போது 24ஐத்தான் பிடிக்கிறேன், அதில் நிற்பது எளிது.

எப்படிப் பிடிப்பது: பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி ஐஸ் கட்டி போட்டு 23இல் கொண்டு வந்து நிறுத்துங்கள். டெவலப்பர், ஃபிக்ஸர், அலசுவதற்கு நான்கு பாட்டில் தண்ணீர், ஃபிலிம் உள்ள டேங்க் எல்லாவற்றையும் அதற்குள் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போடாதீர்கள், அளவு கெட்டுப்போகும். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு அலசும் தண்ணீரை 31இல் ஊற்றுவதும் கூடாது, ஃபிலிமின் மேல் பூச்சாக இருக்கும் ஜெலட்டின் திடீர் சூட்டில் சுருங்கி விரிந்து படம் கெடலாம். எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான் 20ஆ 24ஆ என்பதைவிட முக்கியம்.

சரி, ஊற்றலாம். ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 300 மி.லி. வேண்டும், 150 டெவலப்பர், 150 தண்ணீர். ஊற்றியதும் கடிகாரத்தைத் தட்டி, முதல் 30 நொடி டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திருப்பிக் கவிழ்த்துத் திருப்புங்கள், காக்டெயில் மாதிரி குலுக்காதீர்கள். தரையில் இரண்டு தட்டு, குமிழி விடட்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு கவிழ்ப்பு, பத்து நொடி. கான்ட்ராஸ்ட், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், அதிகம் என்று நினைத்தால் அடுத்த ரோலில் கவிழ்ப்பைக் கூட்டிக் குறைத்து விளையாடாமல் நேரத்தை மாற்றுங்கள், கவிழ்ப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். நேரம் முடிய 15 நொடி இருக்கும்போது கொட்ட ஆரம்பியுங்கள். கலந்த டெவலப்பர் ஒரு முறைக்குத்தான், திருப்பி வைக்கக் கூடாது.

தண்ணீர் ஊற்றி அரை நிமிடம் ஆட்டிக் கொட்டுங்கள், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் தனியாக வாங்க வேண்டியதில்லை. அடுத்து ஃபிக்ஸர். பழைய ஸ்டுடியோ அண்ணன்கள் ஹைப்போ என்பார்கள், இன்றைக்கும் அதே குடும்பம்தான், ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்த தன்மை: வெளிச்சம் படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். எத்தனை நிமிடம் என்று அட்டவணையைப் பார்க்காதீர்கள். ஏற்றும்போது கத்தரித்த ஃபிலிம் முனைத் துண்டை ஒரு டம்ளர் ஃபிக்ஸரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிவாக எத்தனை நொடி ஆகிறதென்று பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்கு நேரம் டேங்கில் வையுங்கள். புது ஃபிக்ஸரில் ஆனதைவிடத் துண்டு தெளிய இரண்டு மடங்கு நேரமானால் அந்த ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது. அதில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கோ கிணற்றங்கரையிலோ கொட்டாதீர்கள். பழைய வாளியில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு இரண்டு நாள் வைத்தால் வெள்ளி பஞ்சில் படிந்து கரிப்பொடியாகக் கீழே தங்கும்.

அலசுவதற்குக் குழாயை அரைமணி திறந்துவிட வேண்டாம், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அது பாவம். இல்ஃபோர்ட் சொல்லும் முறை எளிது. டேங்க் நிறைய தண்ணீர், 5 கவிழ்ப்பு, கொட்டு. புதுத் தண்ணீர், 10 கவிழ்ப்பு, கொட்டு. மறுபடி 20. அவ்வளவுதான். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் திரவம்) ஒன்றிரண்டு சொட்டு விட்டு அரை நிமிடம் ஊறவைத்து, கதவுச் சட்டத்தில் தொங்கவிட்டு, கீழே ஒரு கிளிப்பைப் பாரமாக மாட்டுங்கள். குளியலறையில் ஐந்து நிமிடம் முன்பே ஷவரைத் திறந்து தூசியை அடக்கிவிடுவது நல்லது. ஃபேன் போட்டால் தெருத் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும், இது எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் நானே கற்றது.

படி 7: நெகட்டிவைப் படிப்பது

காய்ந்ததும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், முதலில் படத்தை அல்ல, ஓரத்தை. ஃபிலிம் ஓரத்தில் எண்களும் பெயரும் கம்பெனியிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை. அவை தெளிவாக இருந்து படம் மட்டும் வெறுமையாக இருந்தால் கழுவியது சரி, ஃபிலிம் கேமராவில் ஓடவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எண்களும் இல்லை என்றால் கழுவிய இடத்தில்தான் தப்பு. என் முதல் ரோலில் எண்கள்கூட இல்லை. இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தக் கடையில் நின்றே பேசியிருப்பேன்.

நிழல் பகுதிகள் கண்ணாடியாக இருந்தால் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை, இதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. வெள்ளை வேட்டி இருக்கும் இடம் நாளிதழ் எழுத்தை மறைக்கும் அளவுக்குக் கருத்திருந்தால் அதிக நேரம் கழுவிவிட்டீர்கள், அடுத்த முறை 15 சதவீதம் குறையுங்கள். ஃபிலிம் மொத்தமும் ஊதா கலந்த பால் மூட்டமாகத் தெரிந்தால் ஃபிக்ஸர் போதவில்லை, பயப்படாமல் திரும்பவும் ஃபிக்ஸரில் போடலாம், வெளிச்சத்திலேயே.

படி 8: பிரிண்ட்

என்லார்ஜர், அதாவது நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக விழ வைக்கும் கருவி, இல்லாதவர்கள் லைட் பேடில் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்துத் தலைகீழாக்கிக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை. ஆனால் மூடுகிற ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பழைய என்லார்ஜர் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்டுடியோக்காரர்கள் பல பேர் அதை எடைக்குப் போடுவதா வேண்டாமா என்ற யோசனையில் மூலையில் வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு மணி நேரக் கதையோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

பேப்பரில் முதலில் டெஸ்ட் ஸ்ட்ரிப். ஒரு துண்டுப் பேப்பரை அட்டையால் மூடி, ஐந்து ஐந்து நொடியாக நகர்த்தி வெளிச்சம் காட்டிக் கழுவினால் 5, 10, 15, 20 என்று படிக்கட்டு வரும். முகம் இருக்கும் இடத்தில் எது சரி என்று பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள், கருப்பைப் பார்த்து அல்ல. கருப்பு போதவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாமல் பேப்பரின் கான்ட்ராஸ்ட் கிரேடைக் கூட்டுங்கள். 2இல் தொடங்குங்கள், நம் வெயிலில் எடுத்ததற்கு ஒன்றரை போதுமானதாக இருக்கும், மழை நாளுக்கு மூன்று. ஈரமாக இருக்கும்போது பிரிண்ட் பளிச்சென்று ஏமாற்றும், காய்ந்தால் ஒரு பிடி கருக்கும். அதனால் ஈரத்தில் கொஞ்சம் வெளிறலாகத் தெரிவதுதான் சரியான பிரிண்ட்.

வேட்டி வெளுத்திருந்தால் மற்ற இடத்தைக் கையால் மறைத்து வேட்டிக்கு மட்டும் இன்னும் சில நொடி வெளிச்சம் கொடுங்கள், அது பர்னிங். முகம் கருத்தால் கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டைத் துண்டை முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே மறையுங்கள், அது டாட்ஜிங். கையை ஆட்டாமல் நிறுத்தினால் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டம் மாதிரி முகத்தைச் சுற்றி வந்துவிடும், அத்தைக்கு அப்படி ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்துதான் குங்கும விவகாரத்தைப் பாதி சமாதானம் செய்தேன்.

நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டு, உறையின் மேல் தேதி, ஃபிலிம், 24 டிகிரி, எத்தனை நிமிடம் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறி நெகட்டிவுக்கு இறங்கிவிடும். உறைகளைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள், கடலோர ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள், ஜெலட்டின் பூஞ்சைக்குச் சாப்பாடு. அடுத்த ரோலை ஏற்றுவதற்கு முன் அந்த உறையை எடுத்துப் படித்துவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.